இரட்டைப் பலகம்: பீங்கான் நகரத்துக் கணினிகளும் கோப்பு மேலாளர்களும்

கணினியில் உள்ள கோப்புகளைப் பார்க்கவும், படியெடுக்கவும், இடம் மாற்றவும், பெயர் மாற்றவும், அழிக்கவும் பயன்படும் மென்பொருள் கோப்பு மேலாளர் எனப்படுகிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் முதலிய இயங்குதளங்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கோப்பு மேலாளரை விலையின்றியே உடன் தந்துவிடுவதால், அதற்கெனத் தனியே பணம் கொடுப்பதா என்ற கேள்வி பெரும்பாலான பயனர்களுக்கு எழுவதேயில்லை. ஆயினும் மூன்று இயங்குதளங்களிலும் ஒரே தோற்றத்துடன் இயங்கும் என்று சொல்லி விற்கப்படுவதும், மூலநிரல் வெளியிடப்படாததும், ஆகவே எழுதியவரைத் தவிர வேறெவரும் திருத்த முடியாததுமான தனியுரிமைக் கோப்பு மேலாளர் ஒன்றை வாங்கலாமா வேண்டாமா என்று விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றின் அலுவலகத்தில் சில ஆண்டுகளுக்கு முன்பு ஆராய வேண்டி வந்தது. ஒரு சிறு மென்பொருளைப் பற்றிய அந்த ஆராய்ச்சி, கணினி அவ்வூருக்கு வந்து சேர்ந்த காலத்திலிருந்து மாறிவந்த பழக்கங்கள் பலவற்றை அதில் ஈடுபட்டோரின் நினைவுக்குக் கொண்டுவந்தது.

நினைவுகளைக் கிளறியது அலுவலக அலமாரியின் அடித்தட்டில், உடைந்த ஃபியூஸ் கேரியர் மாதிரிகளுக்கு நடுவே கிடந்த ஒரு நெகிழ்வட்டுப் பெட்டியாகும். ஃபியூஸ் கேரியர் என்பது, மின்னோட்டம் மிகும்போது உருகி அறுந்துபோகும் கம்பியைத் தாங்கும் பீங்கான் பிடி. விருத்தாசலத்தில் பொம்மைகளுக்கும் அகல்களுக்கும் இணையாக இதுவும் நெடுங்காலம் செய்யப்பட்டுவந்தது. பெட்டியின் மூடியைத் திறந்தபோது பழைய பிளாஸ்டிக்கின் நெடியோடு களிமண் தூசியின் வாசனையும் எழுந்தது. வட்டுகளின் மேல் ஒட்டிய தாள்களில், பந்துமுனைப் பேனாவால் எழுதிய பெயர்கள் பாதி அழிந்திருந்தன. அவற்றுள் ஒன்றைக்கூட இன்று படித்துப் பார்க்க வழியில்லை; வட்டைச் செருகும் வாய் கொண்ட கணினி அந்த அலுவலகத்தில் இல்லை.

விருத்தாசலம் பீங்கான் ஊரானதற்கு மண்ணே முதற்காரணம். 1956இல் அரசு நிறுவனமாகத் தொடங்கப்பட்ட நெய்வேலிச் சுரங்கத்தில், பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணடுக்குகளை அகற்றும்போது வெண்களிமண்ணும் கிடைக்கிறது; அது அருகிலேயே கிடைத்தது சிறு பட்டறைகளுக்கு வாய்ப்பாயிற்று. அரசின் டாசெல் நிறுவனமும், பீங்கான் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசுப் பயிலகமும், செராமிக் தொழிற்பேட்டையும் அவ்வூரில் அமைந்தன. களிமண்ணை நீரில் கரைத்த குழம்பைத் தொழிலாளர்கள் 'சிலிப்' என்பர். அதை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றினால், அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ள, உட்சுவரில் களிமண் படிந்து பொம்மையின் உருவம் பெறும். ஒவ்வொரு பட்டறையிலும் நூற்றுக்கணக்கான அச்சுகள் பலகைத் தட்டுகளில் அடுக்கப்பட்டு, முதுகில் எண்ணோ பெயரோ கீறப்பட்டிருக்கும். எந்த அச்சு எந்தத் தட்டில் உள்ளது என்பது அங்கு வேலை செய்யும் பெண்கள் இரண்டொருவருக்கே தெரியும். அவர்கள் விடுப்பில் சென்றால் அன்று மயில் பொம்மை வார்க்க முடியாது. அலுவலகத்துக் கோப்புகளும் பல ஆண்டுகள் இதே முறையில்தான் பராமரிக்கப்பட்டன.

தொண்ணூறுகளில் ஊரின் கடைவீதியில் தோன்றிய கம்ப்யூட்டர் சென்டர்களின் பெயர்ப்பலகைகளில் டாஸ், வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் என்ற நான்கு மென்பொருள் பெயர்களும் தவறாமல் இடம்பெற்றன. கணினி இருந்த அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டே நுழைய வேண்டும் என்பது எழுதப்படாத விதியாக இருந்தது. தூசி வட்டைக் கெடுக்கும் என்பது சொல்லப்பட்ட காரணம் என்றாலும், அறையின் குளிரும், கண்ணாடிக் கதவும், திரைக்குப் போட்ட பூப்போட்ட உறையும் சேர்ந்து அதற்கு ஒரு சன்னதித் தோற்றத்தைக் கொடுத்துவிட்டிருந்தன. ஆயுத பூசையன்று கணினித் திரையின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைக்கப்படும். அன்று முழுவதும் அதை இயக்க மாட்டார்கள். களிமண் தூசி எங்கும் படியும் பீங்கான் பட்டறைக்கு முதற்கணினி வந்தபோது இந்த ஆசாரங்களும் உடன் வந்தன. வார்ப்புக் கூடத்திலிருந்து கணக்கெழுத வருபவர் கை கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று உரிமையாளர் சொல்லியிருந்தார்.

டாஸ் என்ற அக்கால இயங்குதளத்தில் படங்கள் கிடையாது. கறுப்புத் திரையில் ஆணைகளைத் தட்டச்சிட்டே எதையும் செய்ய வேண்டும்; படியெடுப்பதற்கான ஆணையில் ஓரெழுத்துப் பிழைத்தாலும் கணினி ஆங்கிலத்தில் மறுத்துவிடும். அந்நிலையில், ஜான் சோச்சா என்பவர் எழுதி, பீட்டர் நார்ட்டன் கம்ப்யூட்டிங் நிறுவனம் 1986இல் வெளியிட்ட நார்ட்டன் கமாண்டர் என்ற கோப்பு மேலாளர் பெரும் விடுதலையாக அமைந்தது. நீல நிறத் திரை இடமும் வலமுமாக இரண்டு பலகங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இடப்பக்கம் வன்வட்டின் கோப்புகளும் வலப்பக்கம் நெகிழ்வட்டின் கோப்புகளும் தெரியும். எஃப்-5 விசையை அழுத்தினால் இங்கிருப்பது அங்கே படியாகும், எஃப்-6 இடம் மாற்றும், எஃப்-7 புதிய கோப்புறையை உருவாக்கும், எஃப்-8 அழிக்கும். எங்கிருந்து, எங்கே என்ற இரண்டும் ஒரே நேரத்தில் கண்முன் நிற்பதே இந்த இரட்டைப் பலக அமைப்பின் சிறப்பு. பின்வந்த இவ்வகை மென்பொருள்கள் பெரும்பாலும் அதே விசைகளைப் பின்பற்றியதால், அன்று பழகிய விரல்கள் இன்றும் திகைப்பதில்லை.

அக்காலத்தில் கோப்பின் பெயர் எட்டு எழுத்துகளையும், புள்ளிக்குப் பின் வரும் வகைக்குறிப்பு மூன்று எழுத்துகளையும் தாண்டக் கூடாது என்பதால், பொம்மைகளின் விலைப்பட்டியல் ஆங்கில எழுத்தில் 'பொம்மை01' எனச் சுருங்கியது. சேலத்து வணிகரின் கணக்கும் சென்னை வணிகரின் கணக்கும் இரண்டொரு எழுத்து வேறுபாட்டில் அடுத்தடுத்து நின்றன. பெயரைக் கொண்டு கோப்பை அடையாளம் காண முடியாததால், நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எந்த வட்டில் எந்தக் கோப்பு, அதில் என்ன உள்ளது என்று கணக்கர் தமிழில் எழுதிவைத்தார். 'ஃபைல் நோட்டு' என்று அழைக்கப்பட்ட அந்நோட்டே உண்மையில் அந்த அலுவலகத்தின் முதல் கோப்பு மேலாளர் எனலாம். அது கிடைக்காத நாளில், 1.44 மெகாபைட் கொள்ளும் வட்டுகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

1995ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 95, பெயர்களை 255 எழுத்துகள் வரை நீளவிட்டது. ஆனால் அந்த விடுதலை தமிழுக்குக் கிடைக்கவில்லை. கோப்பின் உள்ளே தமிழ் எழுத்துருவைக் கொண்டு எழுத முடிந்ததே தவிர, கோப்பின் பெயரை இயங்குதளம் தன் சொந்த எழுத்துருவிலேயே காட்டியதால், தமிழில் பெயரிட்டவர்களுக்குப் பொருளற்ற குறிகளே தெரிந்தன. எனவே அட்டைப்பெட்டி வடிவமைப்பும், கல்யாணப் பத்திரிகையும், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியும் தயாரித்த டிடிபி நிலையங்களில் ஆங்கில எழுத்தில் தமிழைப் பேசும் பெயர்களே பெருகின. வாடிக்கையாளர் திருத்தம் சொல்லச் சொல்ல 'ஃபைனல்', 'நியூ ஃபைனல்', 'ஃபைனல் ஓகே' என்று ஒரே பத்திரிகை பல வடிவங்களாகப் பிரியும். இவற்றுள் 'ஓகே' என்ற ஒட்டுப் பெற்றதே அச்சுக்குப் போனது என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது. மணமகளின் தாத்தா பெயருக்கு முன் 'தெய்வத்திரு' விடுபட்ட படிவம் அச்சேறி, இரவோடிரவாக மீண்டும் அடித்துக் கொடுத்த கதை ஏறத்தாழ எல்லா நிலையங்களிலும் உண்டு.

பென் டிரைவ் பரவிய பின்னர் வேறொரு தொல்லை வந்தது. பட்டறையிலிருந்து டிடிபி நிலையத்திற்கும், அங்கிருந்து அச்சகத்திற்கும், அச்சகத்திலிருந்து பிரௌசிங் சென்டருக்கும் ஒரே பென் டிரைவ் கைமாறிச் சென்றதில், கோப்புறையின் பெயரையும் மஞ்சள் உருவத்தையும் அப்படியே பூண்டு நிற்கும் நச்சு நிரல்கள் ஊரெங்கும் பரவின. விண்டோஸ் இயல்பாகவே கோப்பின் வகைக்குறிப்பை மறைத்துவைப்பதால், 'நியூ ஃபோல்டர்' என்று தெரிவது உண்மையில் கோப்புறையன்று, சொடுக்கியவுடன் இயங்கத் தொடங்கும் எக்ஸ்இ வகை நிரல் என்பது பயனருக்குத் தெரியவராது. அதன் பின்வந்த வேறொரு வகை, உண்மையான கோப்புறைகளை மறைத்துவிட்டு, அவற்றின் பெயரில் குறுக்குவழிகளை மட்டும் காட்டியது. "அண்ணே, டிரைவ்ல ஒண்ணுமே இல்லையே, எல்லாம் போச்சா?" என்று பதறியபடி வருபவர்களை, அந்த நாட்களில் எந்த நிலையத்திலும் காணலாம்.

இரட்டைப் பலகக் கோப்பு மேலாளர் இவ்வூரில் மறுபடி மதிப்புப் பெற்றது அந்த நாட்களில்தான். சுவிட்சர்லாந்தின் கிறிஸ்டியன் கிஸ்லர் 1993 முதல் வெளியிட்டுவந்த விண்டோஸ் கமாண்டர், 'விண்டோஸ்' என்ற வணிகப்பெயர் தொடர்பான சிக்கலால் 2002இல் டோட்டல் கமாண்டர் எனப் பெயர் மாறியது. அது வகைக்குறிப்பைத் தனிப்பத்தியில் காட்டியதாலும், மறைக்கப்பட்டவற்றையும் எளிதில் காட்ட வைக்க முடிந்ததாலும், கோப்புறை வேடமிட்ட நிரல் அதில் உடனே பிடிபட்டது. டோட்டல் கமாண்டர், முதலில் பயன்படுத்திப் பார்த்துப் பிறகு பணம் செலுத்தும் ஷேர்வேர் முறையில் விற்கப்பட்டது. பதிவு செய்யாதவர்களுக்குத் தொடக்கத்தில் ஒரு சாளரம் தோன்றி, 1, 2, 3 என்ற பொத்தான்களுள் குறிப்பிட்ட ஒன்றை அழுத்தச் சொல்லும். காலையில் கணினியை இயக்கி, அந்த எண்ணை அழுத்திவிட்டு, சாமி படத்தை ஒரு முறை பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குவது டிடிபி அடிப்பவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. எண்ணை அழுத்துவதே பதிவு என்று நம்பியவர்களும் இருந்தனர். மென்பொருளுக்குப் பணம் கொடுப்பது என்ற எண்ணமே அன்று ஊரில் அரிதாக இருந்தது. விண்டோஸும், பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரும் கணினி விற்பவர் 'போட்டுக் கொடுத்த' பொருள்களாகவே கருதப்பட்டன.

2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோஸுடன் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. லினக்ஸ் என்பது மூலநிரல் வெளியிடப்பட்ட, எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருள் வகையைச் சேர்ந்த இயங்குதளம். பலர் அதை இயக்கிக்கூடப் பாராமல் விட்டுவிட்டனர் என்றாலும், நச்சு நிரல் பிடித்த பென் டிரைவைத் திறந்து பார்க்க அதுவே பாதுகாப்பான இடம் என்பதைக் கல்லூரி மாணவர்கள் விரைவில் கண்டுகொண்டனர். விண்டோஸில் 'போய்விட்ட' கோப்புறைகள் லினக்ஸில் அப்படியே தெரிந்தன. 2012இல் தொடங்கிய கணியம் மின்னிதழும், பக்கத்து விழுப்புரத்தில் இயங்கும் லினக்ஸ் பயனர் குழுவும் இப்பகுதி இளைஞர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே அறிமுகப்படுத்தின. இவ்வாறாகப் பட்டறை அலுவலகத்தில் ஒரு கட்டத்தில் மூவகைக் கணினிகள் சேர்ந்துவிட்டன: கணக்கருக்கு விண்டோஸ், உரிமையாளரின் மகனுக்கு லினக்ஸ் மடிக்கணினி, பொருள்களைப் படமெடுத்து விலைப்பட்டியல் வடிவமைக்கும் இளைஞருக்குப் பழைய மேக். மூவரும் ஒரே பென் டிரைவைப் பகிர்ந்துகொண்டனர். மூவருக்கும் ஒரே கோப்பு மேலாளர் வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் பிறந்தது.

பல இயங்குதளங்களில் இயங்கும் விலைக் கோப்பு மேலாளர்கள் மிகக் குறைவு. டோட்டல் கமாண்டரும், அமிகா கணினியில் தொடங்கிய டைரக்டரி ஓபஸும் மேசைக்கணினிகளில் விண்டோஸுக்கு மட்டுமே உரியவை. மைக்கேல் ஹெர்மன் பைத்தான் மொழியிலும் கியூட்டி என்ற வரைகலைக் கருவித்தொகுதியிலும் எழுதிய எஃப்மேன் போன்றவை மூன்று தளங்களுக்கும் வந்தன. கோப்புறையின் பெயரில் சில எழுத்துகளைத் தட்டியவுடன் அங்கே தாவிச் செல்லும் வசதி எஃப்மேனின் தனிச்சிறப்பு. இத்தகையவை குறைவாக இருப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. விண்டோஸில் ஒவ்வொரு வட்டுக்கும் ஓரெழுத்துப் பெயர்; லினக்ஸிலும் மேக்கிலும் எல்லா வட்டுகளும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. லினக்ஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறாகக் கொள்ளும். மற்ற இரண்டும் இயல்பில் ஒன்றாகவே கொள்ளும். (பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேற்றுமையே இல்லாத தமிழுக்கு இந்த ஒரு தொல்லை மட்டும் இல்லை.) குப்பைத்தொட்டியை ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் வைத்திருக்கிறது. இவ்வளவு வேற்றுமைகளையும் ஒரே முகத்தின் பின்னே மறைக்க முயல்பவர் மூன்று மென்பொருள்களை எழுதும் உழைப்பைச் செலவிட வேண்டும்.

ஆராய்வதற்கெனத் தேர்ந்த மென்பொருளின் பெயர் இங்குத் தேவையில்லை. அதன் வேகமும் தோற்றமும் முதல் நாளிலேயே எல்லோரையும் கவர்ந்தன. விளம்பரப் படங்களில் தெரிவதைக் கொண்டு முடிவெடுக்காமல், அலுவலகத்தின் அன்றாடக் கோப்புகளைக் கொண்டே சோதிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அவ்வாறு செய்ததால்தான், அயல்நாட்டு மதிப்புரைகள் எதிலும் காணப்படாத குறைகள் வெளிப்பட்டன.

முதற்சோதனை 'பொம்மை' என்ற பெயரிலேயே தடுக்கியது. ஒருங்குறி என்பது உலக மொழிகளின் எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியெண் வழங்கும் பொதுமுறை. தமிழக அரசும் 2010இல் அதை ஏற்றது. அம்முறையில் 'பொ' என்ற எழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறியெண்களாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். தட்டச்சுப் பலகைகள் பெரும்பாலும் முதல் வகையைத் தருகின்றன. மேக் கணினிகளின் பழைய வட்டு அமைப்போ பெயர்களைப் பிரித்தே சேமித்தது. 2017இல் வந்த புதிய அமைப்பில் இந்தக் கட்டாயம் நீங்கினாலும், அலுவலகத்து மேக் அதற்கு முந்தியது. அதிலிருந்து ஜிப் கட்டாக வந்த கோப்புறையை லினக்ஸில் பிரித்தபோது, ஏற்கெனவே இருந்த 'பொம்மை'க்கு அருகில் இன்னொரு 'பொம்மை' தோன்றியது. ஒன்றில் படங்கள், மற்றொன்றில் விலைகள். தேடும் கட்டத்தில் 'பொம்மை' என்று தட்டினால் ஒன்று மட்டுமே கிடைத்தது. படங்கள் வந்து சேரவில்லை என்று வடிவமைப்பாளரைக் கடிந்துகொண்ட பிறகே உண்மை தெரிந்தது. இரு வகைகளையும் ஒன்றாகக் கருதி ஒப்பிடும் இயல்பாக்கம் என்ற முறை ஒருங்குறியிலேயே வகுக்கப்பட்டுள்ளது. அந்த மென்பொருளை எழுதியவர் தேடலில் அதைப் பயன்படுத்தியிருக்கவில்லை.

அடுத்து வந்தது அகரவரிசை. விலைப்பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கோப்புறை உண்டு. தமிழ் முறைப்படி அகல், அம்மன், அன்னம் என்று வர வேண்டியவை, அகல், அன்னம், அம்மன் என்று வந்தன. குத்துவிளக்குக்குப் பின் வர வேண்டிய குதிரை அதற்கு முன்னால் நின்றது. ஒருங்குறிப் பட்டியலில் னகரம் நகரத்தை அடுத்து வைக்கப்பட்டிருப்பதும், புள்ளிக்கு உயிர்க்குறிகளுக்கெல்லாம் பிந்திய எண் தரப்பட்டிருப்பதும் இதற்குக் காரணம். குறியெண்களை அப்படியே ஏறுவரிசையில் அடுக்கும் எந்த மென்பொருளிலும் இது நேரும். வல்லினம் மெல்லினம் இடையினம் என்று பள்ளியில் படித்த கணக்கர், னகரம் பகரத்துக்கு முன் வரும் பட்டியலைப் பார்த்து, "இது யார் வீட்டு அகராதி சார்?" என்று கேட்டது நியாயமானதே. தமிழ் வரிசைக்கான விதிகளை ஒருங்குறிச் சேர்த்தியம் தன் பொதுத் தரவகத்தில் வெளியிட்டிருக்கிறது. அதைப் பயன்படுத்தும் நிரலகங்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. விற்பனையாளருக்கு ஆங்கிலத்தில் எடுத்துக்காட்டுகளுடன் மின்னஞ்சல் அனுப்பப்பட்டது. பணிவான பதிலும், பார்க்கிறோம் என்ற உறுதியும் வந்தன. பதிப்புகள் மாறினாலும் வரிசை மாறவில்லை. விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பருக்குத் தாளில் குறையை எழுதிப் பிராது கட்டும் வழக்கம் உண்டு. மின்னஞ்சலைவிட அதற்கு விரைவில் பலன் கிடைத்திருக்கும் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டனர்.

பெயரின் நீளமும் சோதிக்கப்பட்டது. லினக்ஸின் பரவலான வட்டு அமைப்பு ஒரு பெயருக்கு 255 பைட்டுகளை அனுமதிக்கிறது. யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் 3 பைட்டுகளைப் பிடிப்பதால், 85 குறியெண்களுக்கு மேல் தமிழ்ப் பெயர் நீளக் கூடாது. 'க்' என்பதற்கே ககரமும் புள்ளியுமாக இரண்டு குறியெண்கள் தேவைப்படுவதால், உண்மையில் கிடைப்பவை சுமார் 50 எழுத்துகளே. விண்டோஸ் பைட்டுகளை எண்ணாமல் குறிகளையே எண்ணுவதால் அங்கே அதைவிட நீளமாகப் பெயர் வைக்க முடியும். அத்தகைய கோப்பை லினக்ஸுக்குப் படியெடுத்தால் பிழைச் செய்தி வரும். 'சென்னை வணிகர் கேட்ட பச்சை வண்ண மயில் பொம்மை இரண்டாம் மாதிரி' என்பதுபோல் தொடங்கிக் கடிதமே எழுதிவிடும் வடிவமைப்பாளரின் பழக்கத்தால் இச்சிக்கல் அடிக்கடி எழுந்தது. இதில் மென்பொருளைக் குறைகூற இடமில்லை. மாறாக, எந்தக் கோப்பு எதற்காக நின்றது என்பதைத் தெளிவாகச் சொல்லி, மீதியைத் தொடர்ந்து படியெடுத்தது பாராட்டத்தக்கதாக இருந்தது.

படியெடுக்கும் வேலையில் அந்த மென்பொருள் பொதுவாகவே சிறந்து விளங்கியது. ஒரே வட்டுக்குள் கோப்பை இடம் மாற்றுவது முகவரியை மாற்றுவது மட்டுமே என்பதால் நொடியில் முடியும். ஒரு வட்டிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போதோ முதலில் படியெடுத்துப் பின்னரே மூலத்தை அழிக்க வேண்டும். இடையில் மின்சாரம் நின்றால் மூலம் தப்புகிறதா என்பதே இங்குக் கேள்வி. மின்வெட்டு நாள்தோறும் இருந்த ஆண்டுகளைக் கண்ட ஊரில் இது வெறும் ஏட்டுக் கேள்வியாக இருக்க முடியாது. பென் டிரைவைப் பாதியில் பிடுங்கியும், கணினியின் மின்னிணைப்பைத் துண்டித்தும் பார்த்ததில் ஒரு கோப்பும் இழக்கப்படவில்லை. இரு பக்கக் கோப்புறைகளை ஒப்பிடும் வசதியில் மட்டும் ஒரு விந்தை தென்பட்டது: அப்போதுதான் படியெடுத்த கோப்புகளும் 'மாறியவை' எனக் காட்டப்பட்டன. பென் டிரைவுகளில் வழங்கும் ஃபேட் என்ற பழைய வட்டு அமைப்பு, கோப்பு திருத்தப்பட்ட நேரத்தை 2 நொடித் துல்லியத்தில்தான் குறித்துவைக்கும் என்பதே காரணம். அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாதிருக்கச் சொல்லும் தெரிவு அமைப்புகளின் உள்ளே ஒளிந்திருந்தது.

மூன்று இயங்குதளங்களும் பென் டிரைவில் விட்டுச்செல்லும் எச்சங்களைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். மேக், ஒவ்வொரு படத்துக்கும் இணையாகப் புள்ளியும் அடிக்கோடும் முன்னொட்டிய ஒரு சிறு துணைக்கோப்பை ஃபேட் வட்டில் எழுதிவைக்கும். விண்டோஸில் இவை படங்கள்போலவே தோன்றி, திறக்க மறுக்கும். பாதிப் படங்கள் கெட்டுப்போயின என்று அச்சகத்திலிருந்து தொலைபேசி வந்ததுண்டு. லினக்ஸில் பென் டிரைவின் கோப்பை அழித்தால் அது அதே டிரைவில் மறைந்த குப்பைக் கோப்புறைக்குள் செல்வதால், எல்லாவற்றையும் அழித்த பின்னும் இடம் காலியாகாது. சோதித்த மென்பொருள் இவையனைத்தையும் அறிந்திருந்தது. எச்சங்களை வேறு நிறத்தில் காட்டியது. ஒரே ஆணையில் துடைத்தும் கொடுத்தது. மூன்று தளங்களையும் நேரில் பழகிய ஒருவர் எழுதியது என்பது இதில் புலப்பட்டது. தமிழை அவர் பழகவில்லை என்பது முன்னவற்றில் புலப்பட்டது.

விலை பற்றிய பேச்சு இறுதியில் வந்தது. உள்நாட்டு டெபிட் கார்டு அயல்நாட்டு விற்பனையாளரிடம் செல்லாமற்போன காலம் மாறிவிட்டது. இளைய தலைமுறையினர் இசைக்கும் படத்துக்கும் மாதச்சந்தா கட்டப் பழகிவிட்டனர். திருட்டுப் படியைப் 'போட்டுக்கொள்வது' அவர்களுக்குக் கூச்சம் தருகிறது. இது வரவேற்கத்தக்க மாற்றமே. எனினும் விலைக்கு வாங்கும் எந்தத் தனியுரிமை மென்பொருளிடமும் கேட்க வேண்டிய கேள்வி, அதை எழுதியவர் நாளை கைவிட்டுவிட்டால் என்னாகும் என்பதாகும். பேஜ்மேக்கரில் உருவாக்கிய பழைய விலைப்பட்டியல்களை இன்று திறக்க முடியாத அலுவலகத்தில் இக்கேள்விக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஆனால் கோப்பு மேலாளர் இவ்வகையில் பேஜ்மேக்கரைவிடத் தீங்கு குறைந்தது: அது கோப்பின் உட்பொருளைத் தன் வடிவத்துக்கு மாற்றுவதில்லை, அது நின்றுபோனாலும் கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும், இழப்பது பழகிய விசைகளையும், சேர்த்துவைத்த குறுக்குவழிகளையும் மட்டுமே. அவ்விசைகளும் நார்ட்டன் கமாண்டரிலிருந்து வந்த பொதுச்சொத்து என்பதால், வேறொன்றுக்கு மாறுவதற்குச் சில நாட்களே போதும். ஆகவே மூலநிரல் மூடப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக அதை ஒதுக்குவது சரியாகாது என்பதே கட்டுரையாளரின் கருத்து.

ஒதுக்க வேண்டியிருந்தது வேறொரு காரணத்துக்காக. 'பொம்மை' இரண்டாகப் பிரிவதும், அன்னம் அம்மனை முந்துவதும் சில வரி நிரலில் தீரக்கூடிய குறைகள். ஆனால் அவ்வரிகளை எழுதும் உரிமை, பணம் கட்டியவருக்கு இல்லை. 1994இல் மிகெல் டெ இகாசா தொடங்கிய மிட்நைட் கமாண்டரும், டோட்டல் கமாண்டரின் சாயலில் மூன்று தளங்களுக்கும் எழுதப்பட்ட டபுள் கமாண்டரும் மூலநிரல் திறந்தவை. மைக்ரோசாஃப்ட் நிறுவனமே தன் பழைய விண்டோஸ் ஃபைல் மேனேஜரின் மூலநிரலை 2018இல் வெளியிட்டது. இத்தகையவற்றில் குறை இருந்தால், நிரல் அறிந்த எந்தத் தமிழ் மாணவரும் அதைத் திருத்தி அனுப்பலாம்; ஏற்பதும் ஏற்காததும் பராமரிப்பவர்களைப் பொறுத்ததே என்றாலும், ஏற்காதபோதும் திருத்தியதைத் தம் கணினியில் வைத்துக்கொள்வதை யாரும் தடுக்க முடியாது. பட்டறை அலுவலகம் இறுதியில் டபுள் கமாண்டரைத் தேர்ந்தது. அதன் தோற்றம் பழையது, அமைப்புகள் எண்ணிலடங்காதவை. வடிவமைப்பாளருக்கு அது இன்றும் பிடிக்கவில்லை, விலை மென்பொருளின் வேகத்தையும் அழகையும் அவர் அவ்வப்போது நினைவூட்டிக்கொண்டேயிருக்கிறார். அவர் சொல்வதில் உண்மை உண்டு.

தமிழில் கோப்புகளுக்குப் பெயரிடுவோர் எந்தக் கோப்பு மேலாளருக்கும், அது விலைக்கு வருவதாயினும் இலவசமாயினும், இடம் கொடுப்பதற்கு முன்பு அம்மன், அன்னம், குத்துவிளக்கு, குதிரை, பொம்மை என்ற பெயர்களில் வெற்றுக் கோப்புறைகளை உருவாக்கி, அவற்றை வரிசைப்படுத்தியும் தேடியும் பார்ப்பது நன்று. வரிசை பிழைத்தால் அதை எழுதியவருக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். மூலநிரல் திறந்ததாயின், அருகிலுள்ள கல்லூரியில் நிரல் கற்கும் மாணவர் ஒருவரிடம் அதைக் காட்டுங்கள்.